பழைய ஸ்டேஷன் தேடி ஒரு நெல்லைச் சுத்து

வெள்ளி

மணியாச்சியில வண்டி நின்னப்ப இன்னும் சரியா விடியல. ஜன்னல் வழியா போர்டு மட்டும் தெரிஞ்சுது, வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது 1911 ஜூன் 17, இந்த ஸ்டேஷன்லதான். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா ஏன் இங்க வச்சு நடந்துச்சுன்னு யாரும் பெருசா பேசுறதில்ல. 1876-ல மதுரை பக்கத்துல இருந்து தூத்துக்குடிக்கு லைன் வந்துச்சு, அதே வருஷம் இங்க இருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிஞ்சுது. ஸோ திருநெல்வேலியில இருந்து வடக்க போற யாரா இருந்தாலும் இங்க தூத்துக்குடியில இருந்து வர்ற வண்டிக்காக காத்துக் கெடந்துதான் ஆகணும், கலெக்டரா இருந்தாலும் சரி, சம்சாரத்தோட கொடைக்கானலுக்குப் போறவரா இருந்தாலும் சரி. பங்களாவுல கிட்ட நெருங்க முடியாத ஆளு ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில அசையாம உக்காந்திருக்குற இடம் இந்த ஜங்ஷன் ஒண்ணுதான்.

ரெண்டு நிமிஷத்துல வண்டி எடுத்துட்டான். எனக்கும் இங்க எறங்குற பிளான் இல்ல.

இந்த தடவை கோயில், அருவி, அல்வா எதுவும் கெடையாது (சரி, அல்வா உண்டு). மீட்டர் கேஜ் (அகலம் கொறஞ்ச பழைய தண்டவாளம்) காலத்துல கட்டுன சின்ன ஊர் ஸ்டேஷன்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஊட்டி ரயிலுக்கு 2005-ல யுனெஸ்கோ பட்டம் கெடைச்சுது, சந்தோஷம்தான். ஆனா மலையில இருந்தாதான் பாரம்பரியம், வயக்காட்டு நடுவுல இருந்தா பழைய கட்டடம்னு ஒரு நெனைப்பு நம்மகிட்ட இருக்கே, அது எனக்கு ஒத்துக்கல. நெல்லையில எறங்கி குளிச்சு சாப்ட்டு, ஜங்ஷன்ல நாளைக்கு செங்கோட்டை வண்டி நேரம் கேட்டு வச்சாச்சு. இன்னைக்கு அவ்ளோதான்.

சனி

செங்கோட்டை பாசஞ்சர்ல கூட்டம் இல்ல. டவுன், பேட்டை தாண்டுனதும் தாமிரபரணி ஒரு தடவை குறுக்க வரும், அப்புறம் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, திரும்ப ஆறு, அம்பாசமுத்திரம். காருகுறிச்சி போர்டப் பாத்ததும் அருணாசலத்தோட நாயனம் ஞாபகம் வராத நெல்லைக்காரன் இருக்க மாட்டான்னு நெனைக்கேன். கீழக்கடையம் வந்தா பாரதி ஞாபகம், செல்லம்மா ஊர்லா, புதுச்சேரியில இருந்து வெளிய வந்து 1918-ல இருந்து 1920 வரைக்கும் அங்கதான் இருந்தாரு. ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பக்கமும் நாத்துப் பச்சை, மேக்க மலை மேல மேகம் படுத்துக் கெடக்கு, ஆனி மாசத்துக் காத்து மொகத்துல அறையுது. இந்த லைன்ல ஒரு தடவை போனவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

லைன் கதைய சுருக்கமா சொல்லிடுதேன். சவுத் இந்தியன் ரயில்வே போட்டது. 1902-ல திருநெல்வேலியில இருந்து கல்லிடைக்குறிச்சி வரை, 1903-ல செங்கோட்டை வரை, 1904-ல மலையக் குடைஞ்சு அந்தப் பக்கம் புனலூர், கொல்லம். அப்ப செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவோட ஊரு, 1956-லதான் நம்ம பக்கம் வந்துச்சு, ஸோ இந்த வண்டி ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போகல, பிரிட்டிஷ் சீமையில இருந்து சமஸ்தானத்துக்குப் போச்சு. எல்லாமே மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர். இப்ப இருக்குற பிராட் கேஜ் 1676. நெல்லை தென்காசி பாதைய மாத்தி வண்டி ஓட விட்டது 2012-ல, மலைப்பாதை முழுசா திறக்க 2018 ஆயிட்டு.

நான் எறங்குன ஊர் பேரைப் போட மாட்டேன், கோச்சுக்காதீங்க. பழைய கட்டடத்துல தேக்கு உத்தரம் இன்னும் இருக்கு, அது எங்க இருக்குன்னு எழுதி வச்சா ஒரு ராத்திரியில லாரி வந்துரும். சேரன்மகாதேவிக்கும் தென்காசிக்கும் நடுவுல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.

அத்தை பையன் பைக்கோட வந்து நின்னான். வீட்டுக்குப் போனா அத்தை சிரிச்சுட்டே கேக்காங்க, “ஏன்யா, இடிஞ்ச ஸ்டேசனப் பாக்கவா மெட்ராஸ்லருந்து டிக்கெட் போட்டு வந்த? நம்ம தட்டட்டியும் ஒழுவுதுதான், அதயும் ஒரு படம் பிடிச்சுட்டுப் போ.” காலையிலயே சொதி வச்சிருந்தாங்க, அதனால எந்தப் பேச்சையும் வாங்கிக்கிடலாம்.

இப்ப கட்டடத்துக்கு வாரேன். புது ஸ்டேஷனுக்கு ஒரு அம்பது அறுபது அடி தள்ளி, சீமக்கருவேலம் மறைச்சு நிக்கி. ரயில்வே இடம், அதனால புது ஸ்டேஷன்ல சொல்லிட்டு, பகல் வெளிச்சத்துல மட்டும், உள்ள தாழ்வாரம் வரைக்கும்தான் போனோம். மொத்தமே மூணு அறை. நடுவுல ஸ்டேஷன் மாஸ்டர் ரூம், அதுலயே டிக்கெட் குடுக்குற ஜன்னல், ஒரு பக்கம் சாமான் அறை, இன்னொரு பக்கம் கதவே இல்லாத திறந்த கூடம், அதுதான் மூணாம் கிளாஸ் சனம் உக்காருற எடம். தண்டவாளத்தப் பாத்து நீளமா ஒரு தாழ்வாரம். சுவர் கனத்த டேப் வச்சு அளந்தேன், ஒண்ணரை அடிக்குக் கொஞ்சம் மேல வருது.

மேக்குச் சுவர்ல ஜன்னலே கெடையாது, உயரத்துல ஒரு சின்ன காத்துப்பொந்து மட்டும். தெக்கயும் வடக்கயும் பெருசு பெருசா கதவு. இந்தப் பக்கம் ஆனி ஆடியில கணவாய் வழியா வர்ற காத்து மேக்க இருந்துதான் வரும், சாரலும் அதோடதான் வரும். அந்தச் சுவர மூடி வச்சவன் ஊர்க்காத்து தெரிஞ்சவன். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெளிய வெயில் கொளுத்துது, கூடத்துக்குள்ள நொழஞ்சா சட்டுனு குளுமை. பக்கத்துல புது ஸ்டேஷன்ல தகர ஷீட்டுக்குக் கீழ சனம் பேப்பர வச்சு விசிறிட்டு உக்காந்திருக்கு. அத நான் குறையா சொல்லல, கண்ணால பாத்ததச் சொல்லுதேன்.

மேல் கூரைதான் என்னைய ரொம்ப நேரம் பிடிச்சு வச்சுது. ஒரு மூலையில காரை பேந்து விழுந்திருக்கு, அதனால உள்ள எப்படிக் கட்டிருக்கான்னு அப்படியே படிக்க முடியுது. மெட்ராஸ் டெரஸ்னு சொல்லுவாங்க. தேக்கு உத்தரம் வரிசையா, அதுக்கு மேல குட்டி மெல்லிசு செங்கல நெட்டுக்குத்தலா நிக்க வச்சு, நேரா இல்லாம மூலைவாட்டமா, சுண்ணாம்புல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே போவாங்க, அண்ணாந்து பாத்தா பத்தமடைப் பாய் மொடஞ்ச மாதிரி இருக்கு. அதுக்கு மேல ஒடச்ச செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கா தட்டித் தட்டி இறுக்கி, கடைசியா மேல தட்டை ஓடு பதிப்பாங்க. கம்பி கெடையாது, சிமெண்ட் கெடையாது. நம்ம பக்கத்துப் பழைய கொத்தனாருங்க சுண்ணாம்பு அரைக்கும்போது கடுக்காத் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் விடுவாங்க, அதுக்காகவே தனியா ஊற வச்சிருப்பாங்க.

காரை ஏன் விழுந்துச்சுன்னு பாத்தா, அங்க எவனோ ஒருத்தன் விரிசல சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்த உள்ள வாங்கும், வெளிய விடும். மேல சிமெண்டப் பூசுனா ஈரம் வெளிய போக வழி இல்லாம பக்கத்துல இருக்குற சுண்ணாம்பத் தின்னுட்டு வெளிய வரும். ஒட்டுன எடம் கல்லு மாதிரி நிக்கி, சுத்தி இருக்குறது எல்லாம் உதிருது. பழைய வீடு வச்சிருக்கவங்க இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ரிப்பேருக்கு வர்ற ஆள் மொத வேலையா சிமெண்ட் மூட்டையத்தான் எறக்குவான்.

தாழ்வாரத்துக்கு மட்டும் ஓட்டுக் கூரை. விழுந்து கெடந்த ஒரு ஓட்டத் திருப்பிப் பாத்தா முதுகுல மங்களூர் முத்திரை. அந்த ஊர்ல பாசல் மிஷன்காரங்க, அதாவது சுவிட்சர்லாந்துல இருந்து வந்த கிறிஸ்தவ மிஷன், 1865-ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் மேற்குக் கரை ஓடு தென்னிந்தியா பூரா ஏறிட்டு. தாழ்வாரத்துத் தூணு என்னன்னு நெனைக்கீங்க? பழைய தண்டவாளம். நட்டுக்குத்தலா ஊனி மேல கட்டைய வச்சிருக்கான். லைன்ல தேஞ்சு கழிச்ச தண்டவாளம் ரயில்வேயில ஒரு நாளும் வீணாப் போகாது, வேலிக்கு ஆகும், தூணுக்கு ஆகும், உத்தரத்துக்கு ஆகும், ரெண்டடித் துண்டு வெட்டித் தொங்க விட்டா மணிக்கும் ஆகும். தண்டவாளத்தோட இடுப்புப் பக்கத்துல உருட்டும்போதே கம்பெனி பேரும் வருஷமும் பதிஞ்சிருக்கும். இந்தத் தூண்ல வெரலால தடவிப் பாத்தா 18-னு ரெண்டு எண் தட்டுப்படுது, அடுத்த ரெண்டும் பெயிண்டுக்குள்ள முங்கிட்டு. சுரண்ட மனசு வரல.

டிக்கெட் ஜன்னல் ஒரு சின்ன வளைவு, உள்ளங்கை நொழையிற அளவு. அடிக்கட்டையில நடுவுல மட்டும் குழியா தேஞ்சு வழவழன்னு இருக்கு, அத்தன கை சில்லறையத் தேச்சிருக்கு. அட்டை டிக்கெட் பாத்த தலைமுறைக்குத் தெரியும், ரெண்டேகால் இஞ்ச் நீளம், தேதி போடுற மெஷின்ல சொருவுனா ‘டக்’குன்னு ஒரு சத்தம். இங்கிலாந்துல எட்மண்ட்சன்னு ஒருத்தர் கொண்டு வந்த முறை. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வரிசை எண் இருக்குறதால சாயந்தரம் கணக்கு முடிக்க கடைசி நம்பரப் பாத்தாலே போதும்.

நாங்க அளந்துட்டு இருக்குறதப் பாத்துட்டு ஒரு பெரியவர் சைக்கிள உருட்டிட்டே வந்தாரு. பாயிண்ட்ஸ்மேனா (வண்டிக்குத் தண்டவாளம் மாத்தி விடுற வேலை) இருந்து ரிட்டையர் ஆனவராம். மொதல்ல, “என்ன தம்பி, எடத்த ஏலத்துக்கு விடப் போறாவளா?”ன்னு கேட்டாரு. இல்ல தாத்தா சும்மா பாக்க வந்தோம்னதும் முகம் மாறிட்டு, சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுட்டாரு.

“இந்தா, இங்கனதான் டோக்கன் மிஷின் இருந்துச்சு. செவப்புப் பெட்டி. இங்க ஒண்ணு, அடுத்த ஸ்டேசன்ல ஒண்ணு. ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டாதான் உள்ளருந்து இரும்புப் பந்து விழும். ஒரு பந்து வெளிய இருந்தா இன்னொண்ணு விழவே விழாது, நீங்க தலைகீழ நின்னாலும். அந்தப் பந்து டிரைவர் கையில இருந்தாதான் வண்டி அடுத்த ஸ்டேசனுக்குப் போவலாம்.”

ஒத்த லைன்ல எதிரெதிரா ரெண்டு வண்டி வராம இருக்க நீல்ஸ் டோக்கன்னு சொல்லுற ஏற்பாடு இது. எனக்குப் புத்தகத்துல தெரியும், ஆனா பந்த எப்படிக் குடுப்பாங்கன்னு இவர் சொல்லித்தான் புரிஞ்சுது.

“தோல் பையில பந்தப் போட்டு, பெரிய வளையத்துல மாட்டி, பிளாட்பாரத்துல கைய நீட்டிட்டு நிக்கணும். நிக்காத வண்டின்னா டிரைவர் கைய வளையத்துக்குள்ள விட்டு அள்ளிட்டுப் போயிருவான். அவன் கொண்டு வந்த வளையத்த வீசிட்டுப் போவான், அத பொறுக்கணும். மழைக்குள்ள ராத்திரியில நின்னு பாத்தாதான் தெரியும் தம்பி. தோள்ல வாங்குன அடி இப்பவும் பனிக்காலத்துல வலிக்கி.”

இன்னும் சொன்னாரு: சாயந்தரமானா கைகாட்டி மரத்துல, அதான் சிக்னல் கம்பத்துல, ஏறி மண்ணெண்ண வெளக்கு வைக்கணும், விடிஞ்சதும் போயி எறக்கணும். கை படுத்தமானிக்கு இருந்தா நில்லு, சாஞ்சா வா. குவார்ட்டர்ஸ்ல ஒரே அறையில ஏழு பேர் படுத்திருக்காங்க, கெணறு பொதுக் கெணறு. “நீங்க படம் பிடிக்கீங்க, சந்தோசம். ஆனா அந்தக் காலத்த யாராச்சும் திருப்பித் தாரேன்னா நான் வேண்டாம்னுருவேன். முன்ன மெட்ராசுக்குப் போவணும்னா மூட்டையத் தூக்கிட்டு வண்டி மாறணும். இப்ப நேரா போறா என் பேத்தி.”

இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல. மீட்டர் கேஜ் பைத்தியம் பிடிச்ச குரூப்புகள்ல கேஜ் மாத்துனதே துரோகம்ங்கிற மாதிரி எழுதுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பாதைய மாத்தத்தான் வேணும். கட்டடம் ஏன் போகணும்ங்கிறதுதான் என் கேள்வி. அதுக்கும் பதில அவருதான் காலால காட்டுனாரு.

தாழ்வாரத்துத் தரையில நின்னுட்டு புது பிளாட்பாரத்தப் பாருங்கன்னாரு. என் தொடை உயரத்துல நிக்கி. மீட்டர் கேஜ் காலத்துல சின்ன ஸ்டேஷன்ல பிளாட்பாரம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, தண்டவாள மட்டத்துல இருந்து ஒரு சாண் ஏறுனா அதிகம், பெட்டியில படி இருக்கும், புடிச்சு ஏறணும். தாழ்வாரம், வாசப்படி, டிக்கெட் ஜன்னல் எல்லாம் அந்த மட்டத்துக்கு அளந்து கட்டுனது. பிராட் கேஜ் வந்தப்ப பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல 760-ல இருந்து 840 மில்லிமீட்டர் வரைக்கும் ஒசந்துட்டு, அதாவது சுமாரா ரெண்டரை அடியில இருந்து ரெண்டே முக்கால் அடி. வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்காரங்களுக்கும் அது ரொம்ப நல்லது. ஆனா அதே நாள்ல பழைய கட்டடம் பள்ளத்துல போயிட்டு. ஐப்பசி கார்த்திகை மழைக்கு பிளாட்பாரத் தண்ணி பூரா தாழ்வாரத்துக்குள்ளதான் எறங்கும். ஒரு வடிகால் ஓடை வெட்டி, நாலு படி கட்டி, கட்டடத்த பார்சல் ஆபீஸாவோ படிப்பகமாவோ வச்சிருக்கலாம், செலவும் பெருசா ஆயிருக்காது. யாரும் யோசிக்கல, பக்கத்துல புதுசா கான்கிரீட்ல ஒண்ணக் கட்டிட்டுப் போயிட்டாங்க. இது பழசாகிச் செத்த கட்டடம் இல்ல மக்கா. தரைய ஒசத்தி சாகடிச்சது.

அழகா இருந்துச்சு, எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு முடிச்சிரவும் முடியாது. மூணாம் கிளாஸ் கூடத்துக்குக் கதவு கெடையாது, ஃபேன் கெடையாது, பெஞ்ச் கூட அப்புறம் வந்ததுதான். இந்தக் கம்பெனியோட பெரிய ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்கள்ல பிராமணாளுக்குத் தனி எடம் தடுத்து போர்டு போட்டு வச்சிருந்தாங்க, பெரியாரும் ஆளுங்களும் போராடி 1941-லதான் அது போச்சு. இவ்ளோ சின்ன ஸ்டேஷன்ல சாப்பாட்டுக் கூடமே இல்ல, ஆனா சுண்ணாம்பப் பத்தி இவ்வளவு பேசிட்டு இத விட்டுட்டா கணக்கு சரியா வராது.

ஞாயிறு

திருச்செந்தூர் லைன். இது அதுக்கப்புறம் வந்தது, 1923. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வரிசையாப் படிச்சாலே ஒரு ஜில்லாவோட எல்லா சாமியும் வந்துரும். வண்டியில கூட்டம், காவடி, மொட்டைத் தலை, சந்தன வாசம், நிக்கத்தான் எடம்.

ஸ்ரீவைகுண்டம் வந்ததும் பெட்டியே வெளிய எட்டிப் பாத்துச்சு. 2023 டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கதான் நின்னுச்சு, கிட்டத்தட்ட 800 பேரோட. அன்னைக்குக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. முன்னாடி லைன்ல ஜல்லியெல்லாம் அரிச்சுட்டுப் போயி தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. ஸ்டேஷன் மேட்டுல இருந்ததால சுத்தி வெள்ளம், நடுவுல ஸ்டேஷன். பக்கத்து ஊர்க்காரங்க தங்க வீட்டுலயும் தண்ணி நிக்கும்போது சோறாக்கிக் கொண்டு வந்து குடுத்தாங்க. என் பக்கத்துல நின்ன அக்கா, “எங்க அண்ணன் வீட்ல இருந்த அரிசி பூரா அதுக்கே போச்சு, ஆனா ஒருத்தரும் பட்டினி இல்ல”ன்னாங்க. ஒரு ஸ்டேஷன எந்த மட்டத்துல கட்டணும்ங்கிற நேத்து பேச்சு இங்க வேற மாதிரி கேக்குது.

திருச்செந்தூர்ல முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ் ஏறி குலசேகரப்பட்டினம், நம்ம வழக்குல குலசை. தசராவுக்கு வந்தவங்களுக்கு இந்த ஊர் தெரியும், இப்ப இஸ்ரோ ராக்கெட் தளத்தால பேப்பர்லயும் வருது, 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டுனாங்க. ஆனா நான் வந்தது வேறொண்ணுக்கு. இங்க ஒரு குட்டி ரயில் ஓடிச்சு. குலசேகரப்பட்டினம் லைட் ரயில்வே. பாரி கம்பெனிக்கு இங்க பனங்கருப்பட்டிய வச்சு சர்க்கரை எடுக்குற ஆலை இருந்துச்சு, தேரிக்காட்டுப் பனங்காடெல்லாம் சுத்திச் சரக்கு கொண்டு வரணும், ரோடு கெடையாது, செம்மண்ல மாட்டு வண்டிச் சக்கரம் பாதி புதையும். அதுக்காக ரெண்டு அடி அகலத்துல தண்டவாளம், திசையன்விளையில இருந்து குலசை வழியா திருச்செந்தூர் வரைக்கும். முதல் உலகப்போர் காலத்துல ஆரம்பிச்சு 1940 வரை ஓடிச்சு. சனமும் ஏறிட்டுப் போயிருக்கு.

பாக்க என்ன இருக்குன்னா, ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லணும். நான் போன மட்டும் ஸ்டேஷன்னு சொல்லுற மாதிரி முழுசா ஒரு கட்டடம் கண்ணுல படல. டீக்கடையில கேட்டா ஒருத்தர் கிழக்க கைய காட்டுதாரு, இன்னொருத்தர், “அவன் கெடக்கான், நீங்க மேக்க போங்க”ங்காரு. கடைசில ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் முத்தி, என் டீ ஆறிப் போச்சு. நேத்து பாத்த கட்டடம் சனம் போக வர ரயில்வே கட்டுனது, ஒண்ணரை அடிச் சுவரு, நூறு வருஷம் தாண்டி நிக்கி. இது சரக்குக்காக ஆலைக் கம்பெனி போட்ட லைன், லாபம் நின்ன அன்னைக்கே இரும்பக் கழட்டிட்டாங்க. எத நிக்கணும்னு கட்டுனாங்களோ அதுதான் நிக்கும் போல.

உடன்குடியில எறங்கி கருப்பட்டி வாங்கினேன். நல்ல கருப்பட்டின்னா ஒடச்சுப் பாத்தா உள்ள பளபளன்னு இருக்கக் கூடாது, கடைக்கார அண்ணாச்சியே ஒடச்சுக் காட்டுனாரு. வெலைதான் கொஞ்சம் கூட. திசையன்விளை பஸ் வர லேட்டாச்சு, அதனால அங்க போகாம நெல்லைக்குப் போயிட்டேன்.

போகணும்னு நெனைக்குறவங்களுக்கு: செங்கோட்டை லைன்ல நெல்லையில இருந்து போற காலை பாசஞ்சர்ல வலது பக்கம் உக்காராதீங்க, மலை நல்லா தெரியுறது இடது பக்கம்தான். பழைய கட்டடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க, மழைக்காலத்துல கூரைக்குக் கீழ நிக்காதீங்க. உங்க வீட்டுல தாத்தாவோ மாமாவோ சவுத் இந்தியன் ரயில்வேயில வேலை பாத்திருந்தா பெட்டியில அட்டை டிக்கெட், ஸ்டேஷன் போட்டோ ஏதாவது கெடக்கும், எடுத்து ஒரு படம் அனுப்புங்க. ஆரியங்காவு, புனலூர் பக்கம் மழை விட்டதும் போகலாம்னு இருக்கேன், பதிமூணு கண் பாலத்தப் பத்தி அப்ப எழுதுதேன்.